எல்லை நகர்கிறது

"அப்போ நான் செத்தா எங்க தம்பி படுக்கிறது?"

பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வெளியே வேலிக் கம்பத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சர்வேயர், பிரஷ்ஷை டப்பாவிலேயே விட்டுவிட்டார். வரி எவ்வளவு ஏறும், குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்றுதான் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். இப்படி யாரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஒன்றாம் தேதி நகராட்சி எல்லை ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. எல்லை நகர்ந்தால் வீடும் நிலமும் எங்கேயும் போய்விடாது. அதே இடத்தில், அதே ஆளின் பெயரில்தான் இருக்கும். மாறுவது, அந்த மண்ணில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும்தான். மாடிமேல் மாடி கட்டலாம். அதனால் கட்டுமானக்காரர்கள் இப்போதே வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீட்டு மனைக்குள் யாரையும் புதைக்கக் கூடாது.

கொல்லையில், மதில் ஓரமாகப் பெரியவரின் மனைவி இருந்தாள். அவளுக்குப் பக்கத்து இடத்தைத் தனக்கென்று விட்டுவைத்திருந்தார். அதில் ஒரு கீரை விதைகூடப் போட்டதில்லை.

"அவளையும் தோண்டி எடுத்துருவீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் கிடையாதுங்கய்யா." சர்வேயருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விதிகளை விளக்கச் சொன்னால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிற ஆள். "எல்லை மாறுற அன்னைக்கு எது இருக்கோ, அது அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை இருக்கும், ஆனா புதுசா ஒண்ணு போட முடியாது. அம்மா சமாதியும் அப்படித்தான். நான் வரைபடத்துல குறிச்சுட்டேன்னா அதுக்கப்புறம் யாராலயும் அசைக்க முடியாது. வீட்டுச் சொந்தக்காரரே நினைச்சாலும் முடியாது."

"அவ கெட்டிக்காரி, முன்னாடியே போய் இடம் பிடிச்சுட்டா. நான் இன்னும் சாகலையே."

"அதுக்கு நான் என்னங்கய்யா பண்ண முடியும்."

இருவரும் சிரித்தார்கள். பெரியவர்தான் முதலில் நிறுத்தினார்.

"குழி வெட்டி வச்சிட்டா? அது இருக்கிறதாக் கணக்கா?"

சர்வேயர் யோசித்தார். "வெறும் குழி செல்லாதுங்க. ஆனா உள்ளே செங்கல் வச்சுக் கட்டி, மேலே கல்லுப் போட்டு மூடிட்டா, அது கட்டி முடிச்ச சமாதி. ஆள் வர்றது எப்போ வேணா இருக்கட்டும். ஒண்ணாம் தேதி காலையில வந்து பார்ப்பேன். இருந்தா குறிச்சுக்கிறேன்."

அன்று மாலையே பெரியவர் மகனுக்குப் போன் செய்தார். மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான். இடுப்பெலும்பு முறிந்து அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கியபோது, ஓடியாட முடியாத மனிதர் பேரில் எதற்கு என்று வீட்டையும் மனையையும் அவன் பெயருக்கு எழுதி வாங்கியிருந்தான். அதற்குப் பிறகு அவன் அதிகம் வருவதில்லை.

சர்வேயர் சொன்னதையெல்லாம் பெரியவர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். மகன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"யாராலயும் அசைக்க முடியாதுன்னா சொன்னாரு?"

"யாராலயும் முடியாதாம்ப்பா."

"அப்போ ஒண்ணாம் தேதிக்குள்ள முடிச்சாகணும். ஞாயித்துக்கிழமை ஆளோட வரேன்."

பெரியவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றி இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே மண்வெட்டிகளோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு மகன் வந்தான். மருமகளும் வந்திருந்தாள். வெயில் படாமலிருக்க மதில் ஓரத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தார்ப்பாயின் நீலம் மட்டும்தான் தெரிந்தது.

மருமகள் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"நல்லா நீளமா வெட்டச் சொல்லும்மா. காலை மடக்கிப் படுத்தா எனக்கு முட்டி வலிக்கும்."

"டீ ஆறிடப்போகுது மாமா, குடிங்க."

"உங்க அத்தைக்கு என் குறட்டை ஆகவே ஆகாது. இனிமே எழுந்து அடுத்த ரூமுக்கும் போக முடியாது, பாவம்."

மருமகள் காலி டம்ளருக்காகக் காத்து நின்றாள்.

வெளியே ஓர் ஆள் கேட்டது காதில் விழுந்தது. "எவ்வளவு ஆழம்ண்ணே போகணும்?"

"தட்டுப்படற வரைக்கும் போங்க. தட்டுப்பட்டதும் மண்வெட்டியை வச்சிட்டு கையால அள்ளுங்க," என்றான் மகன்.

"அங்கே பாறையே கிடையாதுடா," என்று பெரியவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பொல பொலன்னு இருக்கும். நான் பார்த்த மண்ணு."

மண் விழும் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து ஒரு வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மகன் உள்ளே வந்து, சமையலறைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். ஒரு தடவை கழுவிவிட்டு மறுபடியும் கழுவினான்.

"செங்கல் லாரி இன்னும் வரலையேப்பா," என்றார் பெரியவர். "இன்னைக்கே கட்டினாத்தானே ஒண்ணாம் தேதிக்குள்ள காயும்?"

மகன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"செங்கல் வேண்டாம்ப்பா. மனையை வாங்கறவங்களுக்கு இடம் காலியா வேணுமாம், அம்மாவை எடுத்தாச்சு."