பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு ஓடை நெளிந்து வந்து, அப்போதுதான் கேட்டைத் திறந்த மச்சானின் செருப்பைத் தொட்டது.

"ஐயோ அக்கா! ஓடி வா! மாமா மேல வண்டி இறங்கிடுச்சு!"

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அக்கா, அவிழ்ந்த கொண்டையோடு ஓடி வந்தாள். குனிந்தாள். அந்தச் சிவப்பைத் தொட்டு இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரத்தம் இல்லடா. கியர் ஆயில்" என்றாள். தினமும் ரத்தத்தோடே புழங்குகிறவளுக்குத் தெரியாதா என்ன!

கால்கள் உதைத்துக்கொண்டு வெளியே வந்தன. பின்னாலேயே அவற்றுக்குச் சொந்தக்காரரும் அக்காவின் புருஷனுமான கணக்கு வாத்தியார் வந்தார். மீசை நுனியில் சிவப்பு சொட்டியது.

"ரொம்ப ஏமாந்துடாதே மச்சான். உயிரோடதான் இருக்கேன்."

வாத்தியார் கை பட்ட வீட்டுச் சாமான் எதுவும் அப்புறம் தன் வேலையைச் செய்ததில்லை. வாசல் மணியைச் சரி செய்தார். அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. துணி துவைக்கும் மிஷினைச் சரி செய்தார். அது துணியோடு கூடத்துக்கு நடந்து வந்தது. "எனக்குக் கைராசி ஜாஸ்தி. தொட்டா போதும், புதுசு வாங்கிடலாம்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

போன மாதம் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு பொருள் கெட்டால், அவருடைய கருவிப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பாவம், முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கிய பெட்டி அது.

"சாக்கு எடுத்துட்டு வரவாக்கா? பெட்டிய இப்பவே கட்டிடலாம்" என்றான் மச்சான்.

"இருடா, இன்னும் வண்டி சாகல" என்றார் வாத்தியார். "போல்ட்ட அசைக்கவே படாதபாடு படணும்னு ஆயில் கடைக்காரர் சொன்னாரு. நானும் மூச்சப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன். சீசா மூடி மாதிரி கழண்டு வந்துடுச்சு! தட்டு வைக்கிறதுக்குள்ள பாதி மூஞ்சில. பதினாலாம் நம்பர் ஸ்பேனர்கூட இன்னிக்குப் பெட்டில மேலாப்லயே கிடைச்சுது. சரி, நமக்கும் நல்ல நேரம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"ஆறு மாசமா 'இந்த ஞாயித்துக்கிழமை, இந்த ஞாயித்துக்கிழமை'ன்னீங்க. இன்னிக்குன்னு பார்த்து நிஜமாவே செஞ்சுட்டீங்களே" என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. வேறென்னவோ இருந்தது.

"கியர் தானா மாறும்போதெல்லாம் வண்டி குதிரை மாதிரி எகிறுதுன்னு நீதானே புலம்பின? நாளைக்கும் நீ இதுலதான் வேலைக்குப் போயாகணும். அதான் இறங்கிட்டேன்." தட்டை இழுத்துக் காட்டினார். "பழைய ஆயில் கறுப்புக் காப்பி மாதிரி வரும்னாரு. இங்க பாரு, மாதுளைச் சாறு! வண்டிய எவ்வளவு பதமா ஓட்டியிருந்தா இப்படி இருக்கும்!"

"ஓட்டறது அக்கா" என்றான் மச்சான்.

வடிந்தது எவ்வளவோ, அவ்வளவே புதிதாக ஊற்ற வேண்டும். தட்டில் இருந்ததை அளந்தார். சட்டை குடித்தது? கணக்கு வாத்தியார் விடுவாரா! சட்டையைக் கழற்றி அளவுக் குவளைக்கு மேல் முறுக்கிப் பிழிந்தார். தரையில் ஓடியதற்கு நீளம், அகலம், கனம் எல்லாம் போட்டுப் பெருக்கினார்.

"மீசையில இருக்கறத விட்டுட்டீங்க மாமா."

"அது சில்லறை. தள்ளுபடி."

சிரிக்காதீர்கள் கண்ணுகளா, பெட்டியின் தலைவிதியே இதில்தான் இருந்தது. போல்ட்டை இறுக்கினார். புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றினார். அவ்வளவுதான் என்று முன்மூடியைச் சாத்தப் போனார்.

"எஞ்சின ஓடவிட்டு, அளவுக் குச்சிய எடுத்துப் பார்க்கணுமோ என்னவோ" என்றாள் மனைவி, எங்கோ பார்த்தபடி.

"பின்னே? அதுக்குத்தானே போறேன்!" என்றார், அதுவரை அது தெரியாத வாத்தியார்.

மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். தெருமுனை தாண்டி, மேட்டில் ஏறி இறங்கித் திரும்பி வந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு எகிறல் இல்லை. கியர் மாறுவதே தெரியவில்லை.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கழட்டி மாட்டினதுல, மறுபடி வேலை செய்யற மொத சாமான் இதுதான்."

மச்சான் விடுவதாக இல்லை. "குருட்டாம்போக்குல ஒண்ணு சரியா வந்துடுச்சு. அடுத்து ஃப்ரிட்ஜ் மேல கைய வெப்பாரு. பேசாம பெட்டியக் கடையில போட்டுடலாங்க்கா." சொன்னதோடு நிற்காமல் பெட்டியைத் தூக்கியும் விட்டான்.

மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ஒருத்தரும் தொடக் கூடாது. பெட்டி வீட்லதான் இருக்கும்."

வாத்தியார் கிட்டே வந்தார். "என் கை மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

அவள் குனிந்தாள். தரையில் கிடந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பெட்டியைத் திறந்து, கைக்கு எட்டுகிற மாதிரி மேலாக வைத்தாள்.

"முந்தாநாள் நான் இதே ஆயிலை மாத்தினப்போ, இந்தப் பெட்டிதாங்க கைகொடுத்துச்சு."