தைரியமாத் தள்ளுங்க!

"தொடாத மாமு! கரண்டு வண்டி, தூக்கி அடிச்சிரும்!"

லாரி டிரைவர் ஞானம் போட்ட சத்தத்தில், காரைத் தள்ள இறங்கிய நாலு பேரும் தண்ணீரை விட்டுத் துள்ளி வெளியே வந்தார்கள்.

விடிய விடியப் பெய்த மழையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பள்ளத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. நடுத்தடுப்பில் மோதிய அந்த எலெக்ட்ரிக் கார், தண்ணீருக்குள் போகிற வழியை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் மலரின் ஷேர் ஆட்டோ. மலர்தான் ஓட்டுநர். பின்சீட்டில் அவள் தம்பி மனைவி வினிதா, பிரசவ வலியில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... முடியல அண்ணி."

"தோ போயிரலாம் கண்ணு," என்று சொன்ன மலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு வேறு வழியும் இல்லை. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டன.

காருக்குள் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"ஒண்ணும் ஆகாதுய்யா! மோதின உடனே, உள்ளே கான்டாக்டர்னு ஒரு சுவிட்ச் தானாத் திறந்துக்கும். பேட்டரியிலேர்ந்து வண்டிக்குக் கரண்டே வராது. தைரியமாத் தள்ளுங்க!"

"அப்ப நீயே எறங்கித் தள்ளு சார்," என்றான் ஞானம்.

"ஸ்டியரிங்கை யாருப்பா பிடிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. ஒருவரும் நகரவில்லை. ஆட்டோவிலிருந்து வினிதா அலறினாள்.

மலர் தண்ணீரின் ஓரம்வரை போனாள்.

"சார், நெஜமாவே கரண்டு இல்லியா? எனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்க சார்."

"என்னை நம்பும்மா. நானூறு வோல்ட்டும் பேட்டரிக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கு."

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"அதான் ஒண்ணியும் ஆவலல்ல! வாங்கய்யா!"

வெட்கப்பட்டுக்கொண்டு முதலில் குதித்தவன் ஞானம்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். கார் உருண்டு மேட்டில் ஏறி ஓரமாக நின்றது. வழி கிடைத்துவிட்டது.

மலர் ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினாள். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி வந்து கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. என் ஒரு வார்த்தையை நம்பி இறங்கினியே!"

"நீங்க சொன்ன மாரியேதான் சார் இருந்திச்சி. எப்டி சார் இவ்ளோ கரீட்டா தெரியும்?"

"அந்தக் கான்டாக்டரைச் செய்யறதே என் கம்பெனிதாம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் நீங்க எறங்கல?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதனாலதாம்மா."