கை வைக்காத பானை

இருபது வருடமாக அரிசிப் பானைக்குள் ஒளித்துச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை, கணவருக்குத் தெரியாமல்தான் தில்லைநாயகி வங்கியில் போட்டாள். வங்கி அனுப்பியது போலவே செல்போனில் ஒரு செய்தி வந்தது. அதிலிருந்த நீல எழுத்தைத் தொட்டு, கேட்ட எண்ணைக் கொடுத்தாள். ஐந்தே நிமிடத்தில் கணக்கில் ஒன்றுமில்லை. "கெடச்சா சொல்றோம்மா" என்றார் புகாரை வாங்கிய போலீஸ்காரர். அன்றிலிருந்து மறுபடியும் பத்தும் இருபதுமாகப் பானையில் போட ஆரம்பித்தாள். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவர் சமையலறை வாசலில் நின்றார். "வர்ற புதங்கெழமையே எனக்கு ஆபரேஷனாம். பானையில வச்சிருக்கியே, அத எடு புள்ள. இத்தன வருஷத்துல ஒருநாளும் நான் அதுல கை வச்சதில்ல." தில்லைநாயகி முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டாள். அவர் காத்து நின்றார். அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை.