அணைந்துபோன தீக்குச்சி

ஆலைக் கரியமில வாயுவைப் பூமிக்கடியில் பாறைக்குள் செலுத்தினால் அது எங்கெங்கே ஊர்ந்து போகும் என்று கணக்கிடுவதுதான் கார்த்திகேசனின் வேலை. சிதம்பரம் பக்கம், அவன் ஊரிலேயே சோதனை தொடங்கியிருந்தது. கடலூர் ஆபீஸ் கம்ப்யூட்டர் கசிவே இல்லை என்றது.

மனைவி வினோதினி போனில் கூப்பிட்டாள்.

“ஆயுத பூஜைக்கும் லீவு போடாத மகராசரே, இங்க சூடம் ஏத்தவே முடியல.”

“தீப்பெட்டி நமுத்திருக்கும்.”

“புதுசுங்க. குச்சி உரசுன உடனே அணைஞ்சிடுது. எனக்கும் ஒரே தூக்கமா வருது.”

“ஃபேனை நிறுத்திட்டு ஏத்து.”

“மோட்டார் குழியில ஏதுங்க ஃபேனு? மோட்டாருக்குத்தான படைக்கிறேன்.”

அந்தக் குழியில் மூடாமல் விட்ட பழைய போர்வெல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில்தான் தேங்கும்.

“வினோ, மேல ஏறு.”

போன் கீழே விழும் சத்தம். தூரத்தில் தம்பி சிலம்பரசனின் குரல் கேட்டது.

“அண்ணி, ஏன் படுத்துட்டீங்க? இருங்க, எறங்கி வரேன்.”