இரண்டாம் இடத்துக்கு ஒரு வேண்டுதல்

"தாயே, எம்பொண்ணு ரெண்டாவதா வரணும். ஒனக்கு மாவிளக்கு போடுறேன்" என்று வேண்டிக்கொண்டாள் பேச்சித்தாய்.

மாவட்ட மகளிர் ஓட்டத்தின் இறுதிச்சுற்று. முதலில் வருபவளை, அவள் பெண்தானா என்று பார்க்க, ஹார்மோன் சோதனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போன வருடம் ஜெயித்த மரகதத்தின் ரேஷன் கார்டில், பாலினம் என்ற இடத்தில் இன்னும் 'பரிசீலனையில்' என்றுதான் இருக்கிறது. நிச்சயித்த கல்யாணமும் அப்படியே நிற்கிறது.

பேச்சித்தாயின் பக்கத்தில் திருநங்கை ரேவா உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் இதே மைதானத்தில் ஓடியவள்.

"என்னைய மாதிரி ஆளுகளுக்கு மட்டுந்தான் இந்தச் சட்டம்னாங்க. என்னைய வெளியேத்தியாச்சு. சோதிக்க வாங்குன மெஷினைச் சும்மா வைக்க முடியுமா? என்னைய வெளியேத்துன அன்னிக்கு நீங்ககூடக் கைதட்டுனீங்களேக்கா!"

துப்பாக்கி வெடித்தது. எட்டுப் பெண்களும் பாய்ந்து வந்தார்கள். ரிப்பன் நெருங்க நெருங்க ஓட்டம் நடையாகி, ஒரு முழம் முன்னால் எல்லோரும் நின்றேவிட்டார்கள்.

"நீ போடி."

"ஏன், நீ போயேன். எனக்குத் தையில கல்யாணம்."

பேச்சித்தாயின் மகள் கோமு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள்.

மேடையில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "விளையாட்டில் நியாயம் தாமதிக்கக் கூடாது! நிற்பவர்களில் யார் முன்னால் என்று கேமராவில் பாருங்கள்."

பார்த்தார்கள். குனிந்திருந்த கோமுவின் தலைதான் ஒரு விரற்கடை முன்னால் இருந்தது.

சோதனைக்குக் கூட்டிப்போகும் வெள்ளை வேன் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாக வந்தது. மைதானமே கைதட்டியது, மற்ற ஏழு அம்மாக்கள் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.