மெயின்கார்டு கேட்டில் நிற்பவர்

"ஞாபகப் பயிற்சியாம், பெரிய பயிற்சி!"

வெங்காய மண்டி வீரமலைக்கு வயிறு எரிந்தது. அணாக் கணக்கு போய் நயா பைசா வந்த புதுசு. மண்டியில் அந்தக் குழப்பம் போதாதென்று வீட்டில் இது வேறு.

மனைவி மயிலம்மாள் டைபாய்டில் பிழைத்ததே பெரும்பாடு. எழுந்தபோது பேரெல்லாம் மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு கமர் ஜஹான் ஏதோ பயிற்சி கொடுத்தாள். சரி, நல்லதுதான். ஆனால் இப்போது பிள்ளைகள் பேரிலிருந்து ஆட்டுக்குட்டி பேர் வரைக்கும் கணீரென்று கூப்பிடுகிறாளே! இன்னும் எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுப்பு?

அன்றைக்கு ஜன்னலில் காதை வைத்தார்.

"மெயின்கார்டு கேட்ல நிக்கிறவரை மட்டும் மறந்துடாத மயிலு."

"மறக்க மாட்டேன்க்கா. இவரு காதுக்குப் போயிடாமப் பார்த்துக்கோங்க."

அடிப்பாவி!

உறையூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து நேரே மெயின்கார்டு கேட்டுக்குப் போனார். மைனர் செயின் போட்டவன், கிராப்பு வைத்தவன் என்று ஒருத்தனையும் விடாமல் முறைத்தார். இருட்டும்வரை நின்றும் எவனும் சிக்கவில்லை.

திரும்பி வந்தால், அப்போதும் கமர் ஜஹான் அங்கேதான் இருந்தாள்.

"யாருடி அவன்? பேரைச் சொல்லு! இல்லேன்னா இப்பவே உன்னை உங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்!"

மயிலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

"வீ... வீரமலை."

"என்ன திமிரு! புருஷன் பேரையா சொல்றே? அவன் பேரைக் கேட்டேன்!"

"யா அல்லா! அதுதாண்ணே அவரு பேரு," என்றாள் கமர் ஜஹான். "தெரிஞ்ச தெருவை நெனச்சுக்கிட்டு, இடத்துக்கு ஒரு ஆளா மனசுல நிறுத்திப் பேரு சொல்லணும். அதுதான் பயிற்சி. மெயின்கார்டு கேட்ல நிக்கிறது நீங்க. உங்க பேரு மட்டும் இன்னிவரைக்கும் வரவே இல்ல, இப்பத்தான் வந்திருக்கு. தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு மறைச்சா."

வீரமலைக்கு முகம் தொங்கிப்போனது.

"ஆட்டுக்குட்டி பேரு கூட வந்துடுச்சு. என் பேரு இத்தனை நாளா வரலியா மயிலு?"

மயிலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் தினம் வாய் நிறையக் கூப்பிட்ட பேருங்க. உங்க பேரைத்தான், கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு தடவைகூட என்னைச் சொல்ல விடலையே."