வெள்ளைப்பாறை நண்டு

நார்வேக் கரையோரம் தீவு தீவாகப் படகில் சுற்றுவதுதான் மாரிட்டுக்கும் அவள் கணவன் ஸ்வெர்ரேவுக்கும் ஒவ்வொரு கோடையிலும் வேலை. இந்தத் தீவில் பக்கத்துப் படகுக்காரர் எய்லெர்ட் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். தட்டு நிறைய அவித்த நண்டு.

"வெள்ளைப்பாறைக்குப் பின்னால ராத்திரி கூண்டு போட்டேன். காலைல பார்த்தா நிரம்பி வழியுது!"

மாரிட் கையிலிருந்த நண்டுக்காலைக் கீழே வைத்தாள்.

"பிடிக்கலையா?" எய்லெர்ட்டின் முகம் வாடியது.

"பசியில்ல."

"இவளுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு, விடுங்க" என்ற ஸ்வெர்ரே, ஓட்டை உடைத்து, உள்ளிருந்த பழுப்பு விழுதை ரொட்டியில் வழித்துத் தடவி, விரலையும் நக்கினான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எய்லெர்ட் எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனதும் ஸ்வெர்ரே சீறினான். "ஆசையாக் கொடுக்கறாரு, மூஞ்சியச் சுளிக்கறியே!"

"நடுக்கடலுக்குப் போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எவன் பார்க்கப்போறான்'னு நம்ம கக்கூஸ் தொட்டிய நேத்து எங்க திறந்துவிட்ட? வருஷா வருஷம் எங்க திறந்துவிடற?"

ஸ்வெர்ரேவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

எய்லெர்ட் பழத்தோடு வந்தார். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க! அந்தப் பாறைக்குப் பின்னால மட்டும் நண்டு இப்படிக் கொழுத்துக் கெடக்கு. ஏதோ நல்ல தீனி விழுது போல!"